சட்டைப் பையின் மேல் உன் பெயர்

நைனா,

நாளைக்கு ஆயுத பூஜை. கடையைக் கழுவிவிடலாம் என்று காலையிலேயே வந்துவிட்டேன். பாய்லரை இறக்கி வைத்து, அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கும்போது, சுக்குத்தூள் டப்பாவுக்குப் பின்னால் அது கையில் தட்டுப்பட்டது. விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. போன வருஷம் நீ அதன்மேல் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் வெள்ளை எழுத்துகளின் பள்ளத்தில் இறங்கி அப்படியே இருக்கிறது. அந்த எழுத்துகள் உன் பெயர்.

கடிதம் எழுதுகிறவர்கள் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பார்கள். எனக்கு அது வரவில்லை. நம் வீட்டில் யாரும் உன் பெயரைச் சொன்னதில்லை. அம்மா சொல்லமாட்டாள். சித்தப்பாவுக்கு நீ அண்ணன். பிள்ளையார்பாளையம் முழுக்க நீ 'மாஸ்டர்'தான். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது படித்துக் கூப்பிட்டால்தான் உண்டு. அப்போதும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நீ பக்கத்தில் பார்ப்பாய். நம் ஊர்ப் பெரிய கோயிலில் மாமரத்தடியில் இருக்கிற சாமியின் பெயர் அது. அதைத்தான் நான் இரண்டு வருஷம் இங்கிலாந்தில், மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரனாக, சட்டைப் பையின் மேல் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன்.

உனக்கும் எனக்கும் முதல் முட்டல் பெயரால் வரவில்லை, டீயால் வந்தது. சென்னையில் டிப்ளமா படிக்கும்போது நண்பன் ஒருவனோடு இலவச ஆங்கில வகுப்புக்குப் போனேன். அப்படியே சபைக்கும் போனேன், ஒரு நாள் ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டேன். அந்தச் சபைக்காரர்கள் டீயும் காபியும் தொடமாட்டார்கள். டீக்கடைக்காரன் மகனுக்கு வாய்த்த சபையைப் பார். லீவுக்கு வந்தபோது நீ நீட்டிய கிளாஸை நான் வாங்கவில்லை. கத்தப் போகிறாய் என்று நினைத்தேன். நீ கிளாஸை மேடைமேல் வைத்துவிட்டு விசாரணையில் இறங்கினாய்.

“பாலு குடிக்கலாமா?”

“குடிக்கலாம் நைனா.”

“சக்கர?”

“போட்டுக்கலாம்.”

“தண்ணி?”

“நைனா, இன்னா இது...”

“அப்ப அந்த எலதான் குத்தம். அது இன்னாடா பண்ணுச்சு உங்க சாமிய?”

உடம்பைக் கெடுக்கும் பழக்கங்களை விட்டுவிடச் சொல்லி அந்தக் காலத்தில் வந்த கட்டளை என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். நீ அலமாரியில் இருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாய். “சுக்கு?” என்றாய். சுக்கு பரவாயில்லை என்றேன். மறுநாள் காலையில் எனக்கென்று தனிப் பாத்திரத்தில் சுக்குப் பால் கொதித்துக்கொண்டிருந்தது. “புள்ள சாமிய மாத்திக்கினான், வயிறு மாறல இல்ல” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். சபையில் சேர்ந்தது பற்றி அதற்கு மேல் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

அந்தச் சபையில் வாலிபப் பிள்ளைகள் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எங்கே என்று அவர்கள்தான் சொல்வார்கள். எனக்கு இங்கிலாந்து வந்தது. பாஷா பாய் தன் காரில் நம்மை மீனம்பாக்கத்துக்குக் கூட்டிப் போனார். பக்கத்துக் கடையில் ஜரிகை விற்கிற மனுஷன் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தார். வழி முழுக்க நீ அவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாய். உள்ளே போகிற வாசலில் என் தோளைப் பிடித்து நிறுத்தினாய்.

“அங்க போய் நீ இன்னா வேணா பண்ணு. எனக்கு ஒன்னே ஒன்னு தெரிஞ்சா போதும். நாளைக்கு எனக்கு ஒன்னுன்னா, கொள்ளிச் சட்டிய தூக்கிக்கினு நீ முன்னாடி நடப்பியா? இல்ல, கும்பலோட கும்பலா பின்னாடி வருவியா?”

அதற்கு என்ன பதில் என்று எனக்கே தெரியாது. யாரும் என்னை அதுவரை அப்படிக் கேட்டதில்லை. “நேரமாச்சு நைனா” என்றேன். “சரி, போய்ட்டு வா” என்று தோளை விட்டாய்.

வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை, வீட்டுக்குப் பேசலாம். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டுவது எல்லாம் அன்றைக்குத்தான். முதல் தடவை துணி துவைக்கும் கடையில் இருந்து வீடியோவில் வந்தேன். அங்கே மத்தியானம், இங்கே சாயங்காலம், கடையில் கூட்டம். பிஸ்கட் பாட்டில்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நீ டீ ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாய்.

“டை கட்டிக்கினு வீடு வீடா போறது மெடிக்கல் ரெப்பு வேலைடா” என்றாய். நாலு பேர் சிரித்தார்கள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாய். “அது இன்னா பாக்கெட்டு மேல?”

பட்டையைக் கழற்றி போன் முன்னால் காட்டினேன். இங்கிலீஷில் நீ படிக்கிற சொற்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று உன் பெயர்.

“அது என் பேரு.”

“ஆமா நைனா. இங்க எல்டர்னு போட்டு, குடும்பப் பேரு சொல்லித்தான் கூப்டுவாங்க. எல்டர்னா பெரியவர். பாஸ்போர்ட்ல அந்த எடத்துல உன் பேருதான இருக்குது.”

“மீச ஒழுங்கா மொளைக்கல, பெரியவராம். கீழ இன்னா எழுதிருக்குது?”

சபையின் பெயர், அதில் இயேசு கிறிஸ்துவின் பெயர். படித்துக் காட்டினேன். நீ டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாய்.

“நெத்தில பட்ட போட்டுக்கினு நான் இங்க நிக்கறேன். என் பேர அங்க போட்டுக்கினு நீ வேற சாமிய பேசுவ. என்ன ஒரு வார்த்த கேட்டியாடா? கழட்டிடு அத.”

போனைத் துண்டித்தது அம்மாவா நீயா என்று தெரியவில்லை. எனக்கு எதிரே துணி பாட்டுக்கு மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே எங்கள் பகுதி ஊழியத்துக்குத் தலைவரான அமெரிக்கரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் போடுவோம், அப்பாவை நாங்கள் பெயர் சொல்லவும் மாட்டோம் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அவர் முகம் மாறியது. “உன் சொந்தப் பெயரில் வேறு செய்து தருகிறேன். அப்பாவிடம் பேசிவிட்டு அடுத்த வாரம் முடிவு சொல்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, பட்டையை மாற்றிவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனில் வந்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

“அத வுடு. மொதல்ல ஒன்னு சொல்லு. அங்க யார் யாரு என் பேர சொன்னாங்க?”

நான் யோசித்துச் சொன்னேன். பஸ் டிரைவர் பட்டையைப் படித்துவிட்டுப் பெயர் சொல்லி குட்மார்னிங் வைத்தார். மளிகைக் கடையில் ஒரு பெண் சொன்னாள். ஒருவர் கதவைப் பாதி திறந்து, உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்றார், ஆனால் உன் பெயரைச் சேர்த்து மரியாதையாகச் சொன்னார். சபையில் குழந்தைகள் ராகம் போட்டுக் கூப்பிடுகின்றன.

“கொழந்தைங்களா? எப்டி சொல்லுதுங்க?”

நான் விழித்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன் பெயரை எப்படிச் சொல்வது? அது உனக்கும் புரிந்தது. “நீ சொல்லாத. பக்கத்துல அந்த குண்டுப் பையன் இருக்கறான் இல்ல, அவன சொல்ல சொல்லு.”

குண்டுப் பையன் என் ஜோடி. ஊழியக்காரர்கள் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் போகவேண்டும். அவன் டோங்கா தீவுக்காரன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். போனை அவன் பக்கம் திருப்பினேன். அவன் பல் தெரியச் சிரித்து, கோயில் மணி மாதிரி கணீரென்று உன் பெயரைச் சொன்னான். கடையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

“இன்னொரு தபா சொல்ல சொல்லு.”

அவன் சொன்னான். உன்னை அப்படிக் கூப்பிட்ட கடைசி ஆள் உன் அம்மாவாம், நான் பிறப்பதற்கு முன்பே அவள் காலமாகிவிட்டாள் என்று பின்னால் அம்மா சொன்னாள். அந்த வாரம் பாஷா பாயும் உன்னிடம் பேசியிருக்கிறார். “புள்ள ஊரு வுட்டு ஊரு போய் தன் பேர சொல்லாம உன் பேர சொல்லினு இருக்கறான், இதுக்குப் போய் கோவமா மாஸ்டர்?” என்று கேட்டாராம். நீ அதைச் சொல்லவில்லை. கண்டிஷன் மட்டும் போட்டாய்.

“சரி, இருக்கட்டும். ஆனா ஒன்னு. என் பேர மாட்டிக்கினு எவன்கிட்டயும் கேவலப்படாத. வாரா வாரம் யாரு இன்னா சொன்னாங்கன்னு எனக்கு சொல்லணும்.”

அதற்குப் பிறகு திங்கட்கிழமை வந்தால் நீ கேள்விகளோடு தயாராக இருப்பாய். நான் ஊழியம் செய்தது வெள்ளைக்காரர்களுக்கா உனக்கா என்று எனக்கே சந்தேகம் வரும். விடிவதற்கு முன்னால் எழுந்து என்ன செய்கிறீர்கள்? உடற்பயிற்சி, படிப்பு, ஜெபம். அப்புறம்? வெளியே போவோம், கதவு தட்டுவோம். திறக்கவில்லை என்றால்? அடுத்த கதவு. மழை வந்தால்? நனைந்துகொண்டே அடுத்த கதவு. “அப்ப கடன் வசூல் பண்றவன விட கஷ்டம்” என்று தீர்ப்புச் சொன்னாய். ஜோடியை விட்டு ஒரு நிமிஷம் தனியாகப் போகக்கூடாது என்றதும் நீ நம்பவே இல்லை. “புதுசா கல்யாணம் ஆனவன் கூட இப்டி ஒட்டிக்கினு இருக்க மாட்டான்டா” என்றாய். டிவி கிடையாது, சினிமா கிடையாது, பெண்பிள்ளைகளோடு பழக்கம் கிடையாது என்றபோது மட்டும் திருப்தியாகத் தலையாட்டினாய். மாசத்துக்கு ஒரு ஞாயிறு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் என்றேன். நீ கிருத்திகை விடாதவன். “பட்டினி கெடக்கறதுல மட்டும் நாம ஒன்னுடா” என்று சிரித்தாய்.

ஆர்தரை நீ மறந்திருக்க மாட்டாய். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து தனியாக இருந்தவர். சாமி பேச்சு எடுத்தால் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்பார். ஆனால் தோட்டத்தில் உருளைக்கிழங்குப் பாத்தி வெட்ட ஆள் வேண்டும் என்றார். வாராவாரம் போய் வெட்டினோம். போனதும் டீ வேண்டுமா என்பார், நாங்கள் வேண்டாம் என்போம். என் அப்பாவுக்கு டீக்கடை என்று ஒரு நாள் சொன்னேன். மனுஷன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உன்னைப் பார்க்கவேண்டும் என்றார். ஒரு திங்கட்கிழமை அவர் சமையலறையில் இருந்தே உன்னைக் கூப்பிட்டேன்.

நீ சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாய். அவர் பார்க்கவேண்டும் என்று இரண்டு கையையும் அகல விரித்து டீயை ஆற்றிக் காட்டினாய். அவர் கை தட்டினார். பதிலுக்கு அவர் கோப்பையில் டீப் பையைப் போட்டு நூலைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தார்.

“இன்னாடா இது, கெணத்துல வாளி வுடற மாதிரி வுட்டு எடுக்கறாரு! கொதிக்க வேணாமா? இஞ்சி தட்டிப் போடறதில்லையா? கேளு.”

நான் கேட்டேன். அவர் தன் சந்தேகங்களை என்னிடம் கேட்டார். ஒரு சொட்டும் குடிக்காத நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு நாட்டு டீயையும் மொழிபெயர்த்தேன். போனை வைக்கும்போது அவர் உன்னை நீட்டி முழக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் வைத்தார். நீ பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. “இன்னா சார்!” என்று நேராகப் பதில் கொடுத்தாய்.

அடுத்த வாரம் உன் முதல் கேள்வி அவரைப் பற்றித்தான்.

“அந்த மனுசன் உங்க சபைல சேந்துட்டாரா?”

“இல்ல நைனா. சேர மாட்டாரு.”

“அப்பறம் ஏன் போற?”

“பாத்தி இன்னும் முடியல. போவலன்னா தேடுவாரு.”

நீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையை மேடைமேல் வைத்தாய். “சரி, போ. போய்ட்டு வா” என்றாய். விமான நிலையத்தில் கேட்டதை அப்போது கேட்கப் போகிறாய் என்று பயந்தேன். நீ கேட்கவில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கேட்ட நீ, அதை மட்டும் மறுபடி கேட்கவே இல்லை.

ஆனால் நான் கேட்டேன், நைனா. தலைவரிடம் தனியாகக் கேட்டேன். எங்கள் ஊரில் அப்பாவுக்கு மகன்தான் தீ வைக்கவேண்டும், நான் வைக்கலாமா? அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. “தகப்பனுக்குச் செய்கிற மரியாதையைத் தடுக்க நான் யார்?” என்றார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இதை உன்னிடம் சொல்லிவிடவேண்டும் என்று இருந்தேன்.

வந்த அன்று நீ பேசவிட்டால்தானே? மீனம்பாக்கத்தில் மாலை, பாஷா பாயின் செல்பி, நீ என் நெஞ்சைத் தடவிப் பார்த்து, “எழுத்து அழியாம கொணாந்துட்டான்” என்றது. ஊழியம் முடிந்ததும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று சொன்னேன். உடனே கையை நீட்டினாய். “அப்ப குடு. என் பேருதான?” பிறகு எத்தனையோ தடவை பேச்சை எடுக்கப் போனேன். கடையில் ஆள் நிற்பார்கள், பால் பொங்கும், நீ வேறு ஏதாவது கேட்பாய். தெரிந்துதான் நழுவினாயோ என்று இப்போது தோன்றுகிறது. தப்பான பதில் வந்துவிடுமோ என்று உனக்கும் பயம் இருந்திருக்கும்.

போன ஆயுத பூஜைக்கு பாய்லர், ஆற்றும் குவளை, வடிகட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாய். கடைசியில் சட்டைப் பையில் இருந்து பட்டையை எடுத்துப் பாய்லர் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதற்கும் சந்தனம், குங்குமம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அதுக்கு ஏன் நைனா?” என்றேன்.

“ரெண்டு வருசம் மழைல வேல செஞ்ச சாமான்டா அது.”

தை மாசம் ஒரு காலையில் பாய்லர் பற்றவைக்கப் போனவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் கம்பெனி பஸ்ஸில் இருந்து பாதி வழியில் இறங்கி ஓடிவந்தேன். வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். பங்காளிகள் ஒரு பக்கம் கூடி நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மதம் மாறியவன் சட்டி தூக்கலாமா, சித்தப்பா மகனைத் தூக்கச் சொல்லலாமா என்பதுதான் பேச்சு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் போய்க் கேட்பதற்குள் அம்மாவின் குரல் வந்தது. உன் தலைமாட்டில் இருந்து எழுந்துகூட வரவில்லை அவள்.

“ரெண்டு வருசம் அவரு பேர மார்ல போட்டுக்கினு சுத்தனவன் இவன். வேற எவனுக்குப்பா உரிம இருக்குது?”

பேச்சு நின்றது. எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்து நின்றேன். காரியம் செய்து வைக்க வந்த பெரியவர் என் நெற்றியில் திருநீறு பூசினார். நான் கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த விதத்தில் உனக்காக வேண்டிக்கொண்டேன். பிறகு அவர் எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

“எறந்தவரு பேர சொல்லுங்கப்பா.”

சித்தப்பா வாயைத் திறந்து, “அண்ணே” என்று உடைந்துபோனார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றி நின்றவர்களுக்கு நீ மாஸ்டர்தான். அந்தக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லிப் பழகிய வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழையிலும் பனியிலும் ஊரார் கதவுகளுக்கு முன்னால் சொன்ன அதே மாதிரி, நிமிர்ந்து, தெளிவாக, முதல் தடவையாக உன் எதிரிலேயே சொன்னேன்.

“ஏகாம்பரம்.”

“கொள்ளி வெக்கறவரு பேரு?”

யாராவது பேர் கேட்டால் இரண்டு வருஷம் நான் சொன்னது ஒன்றுதானே. யோசிக்காமல் அதுவே வந்தது.

“ஏகாம்பரம்.”

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே பேராப்பா?” சித்தப்பா அழுகையோடு திருத்தப் போனார். “இருக்கட்டும், வுடுங்க” என்றாள் அம்மா. பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சட்டியை என் கையில் கொடுத்தார்.

பட்டையைத் துடைத்துவிட்டேன். குங்குமத்தை மட்டும் சுரண்டவில்லை. வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை இல்லை, ஆனாலும் வேலை செய்கிற சாமானுக்குப் பொட்டு நிற்கக்கூடாது என்கிறாள் அம்மா. நாளைக்கு பாய்லர் பக்கத்தில் வைத்து மறுபடி பொட்டு வைப்பாள். எனக்கு சுக்குப் பால் போட்டுத் தருவாள். யாராவது என்னைப் பேர் கேட்டால் இன்றைக்கும் முதலில் உன் பெயர்தான் நாக்குக்கு வருகிறது. அப்புறம்தான் என்னுடையது.

நைனா, அன்றைக்கு வாசலில் தோளைப் பிடித்து நிறுத்திக் கேட்டாயே. முன்னாடிதான் நடந்தேன்.